அளவுத் துண்டின் பின்பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. மன்னாரிலிருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்த ஒரு பார்சலில், என் மனைவி செலீனின் சாறி பிளவுஸில் குண்டூசியால் குத்தப்பட்டு வந்தது. நான் செய்ததெல்லாம் அதைக் கெடுத்ததுதான்.

எங்கள் எழுத்து வட்டம் போடும் மலருக்குப் பொறுப்பானவர் அமிர்தநாதர். அவர் எனக்குத் தந்த தலைப்பு: 'அன்றாட வணிகமும் டிஜிட்டல் நாணயத்தின் நாடு கடந்த பரவலும்'. "கதையா எழுதும். ஆனாத் தகவலும் இருக்கவேணும்," என்றார். இரண்டும் ஒன்றாக வராது என்று சொல்ல வாயெடுத்தேன். "எழுநூறு சொல்லுக்கு மேல போகாதையும்," என்று போனை வைத்துவிட்டார்.

முதல் தொடக்கம்: "உலகப் பொருளாதாரத்தின் நரம்புகளில் இன்று புதியதொரு—"

விட்டுவிட்டேன். உலகப் பொருளாதாரத்துக்கு நரம்பு இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் கறன்ட் பில் கட்டுவதே செலீன்தான்.

இரண்டாவது தொடக்கம்: "மன்னாரில் கஜனி என்றொரு தையல்காரி இருக்கிறாள்." இது உண்மை. இதையே வைத்துக்கொண்டேன்.

2

கஜனி தைத்த முதல் பிளவுஸே செலீனுக்கு அச்சாவாகப் பொருந்திவிட்டது. காசு அனுப்புவதுதான் வில்லங்கம். அனுப்பும் கட்டணம் தையல்கூலியில் பாதியைத் தின்றது. பிக்கரிங்கில் இருக்கும் செலீனின் சிநேகிதி ஒருத்தி, கணினி வேலைக்காரி, கஜனியின் போனில் வொலட் என்னும் டிஜிட்டல் பணப்பை ஒன்றை இறக்க வைத்து, டிஜிட்டல் நாணயமாகவே கூலியை அனுப்பப் பழக்கினாள். பிறகு பிக்கரிங்கில் இன்னும் நாலு பேர். மார்க்கம் நகரில் ஒரு கலியாண வீடு முழுவதும்.

கஜனி அந்த நாணயத்தை மன்னாரில் நூல்கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் சிரித்தார். அவருக்குத் துணி அனுப்பும் கொழும்பு வியாபாரியும் அதை ஏற்பதாக அறிந்தபின் சிரிப்பை நிறுத்திவிட்டு வாங்கத் தொடங்கினார்.

அமிர்தநாதர் கேட்ட தகவல் இவ்வளவுதான். ஒரு நாணயம் புதிய ஊருக்குள் போக மாநாடு தேவையில்லை, பிளவுஸின் கை சரியாக இருந்தால் போதும். [பிடித்த வரியை வெட்டு என்பார்கள். வெட்டமாட்டேன்.]

3

முதல் படியில் கஜனியைக் கண்ணீரும் கம்பலையுமான பெண்ணாக எழுதியிருந்தேன். செலீன் வாசித்தாள்.

"இவள் ஏன் அழுறாள்?"

"கஷ்டப்பட்டவள் எல்லே."

"என்னோட கதைக்கேக்கை ஒருநாளும் அழேல்லை. கூலியைக் கூட்டித்தான் கேப்பாள்."

கண்ணீரை வெட்டினேன். கதை மெலிந்துபோனது. மெலிந்த கதைக்கு ஏதாவது ஊட்டவேண்டுமே என்று தேடியபோதுதான் அந்தத் துண்டு கண்ணில் பட்டது. பிளவுஸில் குத்தியிருந்த அளவுத் துண்டு. முன்பக்கத்தில் மார்பு, இடுப்பு, கை. பின்பக்கத்தில், கஜனியின் உருண்டைக் கையெழுத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். கவிதை என்று நினைத்தேன். தையல்காரிக்குள் ஒரு கவிஞர் என்று எனக்குப் புல்லரித்தது.

[இந்த இடத்தில் அந்தப் பன்னிரண்டு சொற்களும் இருந்தன.]

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியை எழுத்து வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முப்பத்தெட்டுப் பேர். "அபாரம்" என்றார் அமிர்தநாதர். ஒருவர் கவிதைப் பகுதியை மட்டும் வெட்டித் தன் நண்பர்களுக்கும் அனுப்பிவிட்டதாகப் பெருமையோடு எழுதினார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

4

செவ்வாய்க்கிழமை மகள் செரீனா வாசித்தாள்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? இது போயம் இல்லை. இது அவவின்ர வொலட்டின்ர கீ. இந்த ட்வெல்வ் வேர்ட்ஸ் இருந்தா ஆரும் உள்ள போய் எல்லாத்தையும் எடுக்கலாம்."

டிஜிட்டல் நாணயம் பற்றிக் கதை எழுதும் எனக்கு இது தெரியாது. சிரியுங்கள்.

(ஓர் ஒதுக்குக் குறிப்பு: வொலட் இறக்கும்போது, போன் போனாலும் காசை மீட்க இந்தச் சொற்கள் வேண்டும், கடதாசியில் எழுதிப் பத்திரமாக வை என்று அது சொல்லுமாம். ஒரு தையல்காரி எறியவே எறியாத கடதாசி எது? நிரந்தர வாடிக்கையாளரின் அளவுத் துண்டு. தைத்து முடிக்கும்வரை அதைத் துணியில் குத்தி வைத்திருப்பாள், பார்சல் கட்டும்போது கழற்றிவிடுவாள். இந்தமுறை கழற்ற மறந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.)

குழுவில் போட்டதை அழித்தேன். பார்த்தவர்களின் கண்களையும் சேமித்தவர்களின் போன்களையும் எப்படி அழிப்பது?

"அஞ்சு நிமிஷத்தில சேஃபா வேற வொலட்டுக்கு மாத்தலாம்," என்றாள் செரீனா. "ஆனா அவவிட்டைக் கேக்காமத் தொடமாட்டன். அது அவவின்ர காசு."

கேட்பதென்றால் நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

"போன் எடுத்துச் சொல்லுங்கோ," என்றாள் செலீன்.

"கதையை ஒருக்கா முடிச்சிட்டு—"

"கதையோ? உங்களுக்கு விசரோ? பதினாலு மாசமாத் தைச்ச காசு. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசின் வாங்கச் சேர்க்கிறாள்."

"நீ ஒருக்காச் சொல்லன்."

"கதை எழுதினது நானோ?"

5

இன்று வியாழன். இரண்டு நாட்களாக நான் செய்தது, முடிவுகள் எழுதியதுதான்.

முடிவு அ: முப்பத்தெட்டுப் பேரும் நல்லவர்கள். காசு அப்படியே இருக்கிறது.

முடிவு ஆ: முன்பின் தெரியாத ஒருவன் வொலட்டைத் துடைத்துவிடுகிறான். கஜனி—

இரண்டிலும் ஒரே கோளாறு. ஒன்றிலும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதற்கும் ஒரு நல்ல சொல் தேடிக்கொண்டு இருந்தேன் என்பது இன்னும் வெட்கம்.

6

இதை எழுதிக்கொண்டிருக்கையில் போன் அடித்தது.

"அண்ணை, கஜனி கதைக்கிறன். அக்காக்குக் கைப்பக்கம் இறுக்கமோ?"

"இல்லை, சரியா இருக்கு."

"என்ர போன் வாளித் தண்ணிக்குள்ள விழுந்து பழுதாப் போச்சு. இது நூல்கடை அண்ணையின்ர போன். அக்கான்ர அளவுத் துண்டு அங்க வந்திட்டுதோ?"

"ஓம். இருக்கு."

"அப்பாடா. அதின்ர பின்பக்கம் என்ர சீவியமே இருக்கு அண்ணை." பக்கத்தில் யாரோ இருமினார்கள். "இவரும் கேட்டுக்கொண்டு நிக்கிறார். நான் சொல்லித்தானே இவரும் இந்தக் காசு வாங்கத் தொடங்கினவர். என்ர போன் பழுதானதில இருந்து, இனி இது வேண்டாம் எண்டு நிக்கிறார். இவருக்குக் கேக்க ஒருக்காச் சொல்லுங்கோ. அந்தத் துண்டை உங்கட வீட்டு ஆக்களைத் தவிர ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே?"

வாசகரே, அந்த முப்பத்தெட்டுப் பேரில் நீங்கள் ஒருவரா என்று எனக்குத் தெரியாது. ஆம் என்றால், இதன் முடிவு என்னிடம் இல்லை, உங்கள் போனில் இருக்கிறது. இல்லை என்றாலும் என்னிடம் முடிவு கேட்காதீர்கள். செலீன் வாசலில் நின்று என்னையே பார்க்கிறாள். செரீனா மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறாள். கஜனி மறுமுனையில் காத்திருக்கிறாள்.

அவளுக்கு முதலில் சொல்லவேண்டியதையெல்லாம் இதுவரை உங்களுக்குத்தான் முதலில் சொன்னேன். இதையாவது முதலில் அவளுக்கே சொல்கிறேன். நீங்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.