முதலிடத்தில் தம்பி

பூட்டுக்கடைக்காரர் அன்று காலையிலிருந்து பதினேழு முறை அழைத்துவிட்டார். பதினெட்டாவது அழைப்பு வந்தபோது விளம்பரக்காரி பார்த்த பார்வையில் போனுக்கே காய்ச்சல் கண்டிருக்கும்.

"'பூட்டு திறக்க ஆள்'னு தேடினா, மறுபடியும் என் தம்பிதான்மா மேல நிக்கிறான். நம்ம கடையக் காணவே காணோம். அப்புறம் எதுக்கு உனக்கு மாசாமாசம் அழறேன்?"

"அண்ணே, எனக்கு நம்ம கடைதான் முதல்ல காட்டுது."

"உனக்குக் காட்டி என்ன புண்ணியம்? உன் சாவியா தொலஞ்சுபோச்சு? அஞ்சு மணிக்கு வேற கம்பெனிக்காரன் வர்றான். எல்லாத்தையும் கம்ப்யூட்டரே யோசிச்சுப் பண்ணிடுமாம், மனுஷங்களே வேண்டாமாம். அதுக்குள்ள நேர்ல வந்து பதில் சொல்லு."

இணைய விளம்பரத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. ஆரம்பத்தில், தேடுபவர் கண்ணில் முதலில் பட ஒரு சொல்லை ஏலத்தில் எடுக்க நாலு பேர் வருவார்கள். இப்போது பூமியில் மூச்சுவிடுகிற எல்லோரும் வருகிறார்கள். அவள் கற்றதெல்லாம் ஆறு மாதத்தில் ஊசிப்போகும். மறுபடி முதல் வகுப்பு. போன மாதம் மெத்தைக்கடை கைவிட்டுப் போனது, அதற்கு முந்தின மாதம் பல் வைத்தியர். பூட்டுக்கடைக்காரரும் போனால், சலவைக்கடை மாடியில் இருக்கும் ஒற்றை அறை அலுவலகத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள். பை அன்றைக்கு ஒரு டன் கனத்தது.

கடைச் சுவர் முழுக்க சாவிகள். உலகத்துக் கதவுகளுக்கெல்லாம் போதும்போல இருந்தன. சாவி அறுக்கும் இயந்திரத்தைச் சுற்றிப் பித்தளைத் தூள். கல்லாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அண்ணனும் தம்பியும் ஒன்றாக நடத்திய கடைதான் அது. பதினோரு வருடத்துக்கு முன்னால் சண்டை வந்து, தம்பி இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போட்டார். அதிலிருந்து முகம் பார்ப்பதில்லை.

விளம்பரக்காரி அண்ணனின் போனை வாங்கித் தேடிப்பார்த்தாள். சொன்னது சரிதான், தம்பி உச்சியில் கொடி நாட்டியிருந்தார்.

"தம்பி விளம்பரம் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க, அண்ணே?"

"கிளிக் பண்ணுவேன்." நெஞ்சு நிமிர்ந்தது. "ஒவ்வொரு கிளிக்குக்கும் அவன் காசு போகும்ல?"

"சாப்பிடறப்பகூட இடது கையால அதத்தான் பண்றார்" என்றாள் மனைவி.

விளம்பரக்காரி மேசைமேல் நெற்றியைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, நீங்க தம்பிக்கு ரசிகர் மன்றத் தலைவர்னு தேடிக் குடுக்கற கம்ப்யூட்டர் முடிவே கட்டிடுச்சு. நம்ம விளம்பரத்த நீங்க ஒரு நாளும் தொட்டதில்ல. அதான் உங்களுக்குக் காட்டுறதையே நிறுத்திடுச்சு. அண்ணி, உங்க போனக் குடுங்க."

அண்ணியின் போனில் அவர் கடைதான் முதலில் வந்தது. அவர் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"அப்ப ஏன் கடைக்கு ஆள் வரல? மாசம் ஆயிரம் பேர் கிளிக் பண்றாங்கன்னு தாள்ல அச்சடிச்சுக் குடுத்தியே?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் ஒரு வாரமாகப் பயந்தாள். உண்மையைச் சொன்னால் அந்த ஆயிரம் தூளாகும், அவரும் போய்விடுவார். ஆனால் பொய் சொன்னால் அதை நினைவில் வைத்திருக்க வேண்டுமே; அதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை. மடிக்கணினியைத் திறந்தாள்.

"ஆயிரத்துல தொள்ளாயிரம் ரெண்டு தெரு தள்ளி, ஒரே இடத்துலேருந்து. காலைல எட்டரைக்கு ஆரம்பிக்குது. ஒன்னரைலேருந்து ரெண்டரை வரைக்கும் ஒன்னுமில்ல. மறுபடி ஆரம்பிக்குது. போன வாரமே பாத்துட்டேன், சொல்லல. மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் மணிக்கு மணி ஏறி இறங்கிய கோட்டின்மேல் விரலை நகர்த்தினார். நடுவில் இருந்த பள்ளத்தில் விரல் நின்றது.

"ஒன்னரைக்குத் தூங்கிடுவான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். இடி விழுந்தாலும் ரெண்டரைக்குத்தான் எந்திரிப்பான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி" என்றாள் மனைவி.

"ஒரு நாளைக்கு எத்தன தடவைம்மா?"

"முப்பதுக்குக் குறையாது. அந்தப் பக்கம் நம்ம விளம்பரம் போகாம நிறுத்திடலாம்ணே."

"நிறுத்தறதா? யாரு சொன்னா?" என்று எகிறினார். "ஒரு வார்த்த பேசினதில்ல. முப்பது தடவ என்னத் தேடுறான், நிறுத்தறதாமே!"

ஐந்து மணிக்காரர் பளபளக்கும் காலணியோடு வந்தார். "எங்களுக்கு ஆள் இருக்கு" என்று பூட்டுக்கடைக்காரர் அவரை வாசலிலேயே அனுப்பிவிட்டார். பன்னிரண்டு வருடமாக ஊரையே இழுக்கப் படாத பாடுபட்டவள், ஒரே ஒரு ஆள் பார்க்கும் விளம்பரத்தால் பிழைத்தாள். சந்தோஷப்படக்கூட அசதியாக இருந்தது.

"விளம்பரத் தலைப்புல எத்தன எழுத்து வரும்?" என்று கேட்டார் பூட்டுக்கடைக்காரர்.

"முப்பதுதான்."

அவர் விரல்விட்டு எண்ணினார். "அவனுக்கு மூட்டு வலின்னு ஊர்ல சொன்னாங்க. 'மூட்டு வலி தேவலையா'ன்னு போடு."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சில்லறையை அடுக்கினாள். விளம்பரக்காரி தட்டி அனுப்பினாள். பூட்டு வேலைக்கும் மூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தது. பெருமூச்சு விட்டு மாற்றி எழுதினாள்: 'மூட்டு வலியா? நாங்களே வருவோம்'. வீடு தேடிப் போகும் பூட்டு வேலை என்று நினைத்து, கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டது.

அவர் போனைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்து வாசித்தார்.

"வருவோம்னா, நான் போகணுமே?"

"மாத்திடவாண்ணே?"

அவர் சாவி இயந்திரத்துப் பக்கம் திரும்பினார். பித்தளைத் தூளைக் கையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

"இருக்கட்டும்மா."