ஏழாம் கன்னியின் இருக்கை

கடலும் வானும் ஒட்டிக் கிடந்த கோட்டிலிருந்து கதிரவன் எழுந்து, புதுவை நகரின் வெண்சுவர்களையும், நூல்பிடித்தாற்போல் ஓடும் தெருக்களையும், பழைய கலங்கரை விளக்கத்தின் உச்சியையும், புயலில் ஒடிந்து நீருக்குள் நின்ற இரும்புப் பாலத்தின் துருவேறிய கால்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்த சித்திரைத் திங்களின் காலை அது. பிரெஞ்சியர் கொடி இறங்கி மூன்றாண்டு நிறையவில்லை. தெருமுனைப் பலகைகளில் அவர்கள் இட்ட பெயர்கள் இன்னும் அழியாதிருந்தன. கற்றறிந்த வாசகரே, பெயர் மாறிக்கொண்டிருந்த அந்த ஊரில், பெயர்களின் பொருள் தேடியே உறக்கம் தொலைத்த ஒருவர் முதலியார்பேட்டையிலிருந்து வடக்கு நோக்கி மிதிவண்டியை மிதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு உடம்பெல்லாம் உவகை.

அவர் பெயர் காசிலிங்கம். பள்ளியில் தமிழ் கற்பிப்பவர், அகவை நாற்பது. கோயிலென்று ஒன்றைக் கண்டால் போதும், கொடிமரம் ஏன் அந்த உயரம், பலிபீடம் ஏன் அந்த வடிவம், வாயில் காப்போன் ஏன் ஒற்றைக் காலைத் தூக்கினான் என்று வினவத் தொடங்கிவிடுவார். விடை கிடைக்காவிடில் தாமே ஒன்றைப் படைத்துக்கொள்வார். திருமணப் பந்தியில் அவர் பக்கத்து இலை எப்போதும் காலியாகவே இருந்ததென்று உறவினர் சொல்வதுண்டு. அவருடைய மனைவியாரும் இதனை மறுத்ததில்லை. அப்படிப்பட்டவருக்குப் பேசுவதற்கென்றே ஓர் அவை கிடைத்திருந்தது. மறுநாள் புன்னைக்குப்பத்துக் கன்னிமார் கோயிலில் குடமுழுக்கு; எழுவர் திருப்பெயர்களின் உட்பொருளை அங்கே அவர் விரித்துரைக்க வேண்டும். நகரத்துப் புலவர் சிலரும் கேட்க வருவதாக ஒப்புக்கொண்டிருந்தனர். பதினாறு ஆண்டு உழைப்பு, தொண்ணூறு பக்கச் சுவடியாகி அவர் கைப்பையில் இருந்தது.

புன்னைக்குப்பம் நகருக்கு வடக்கே மீனவர் வாழும் சிற்றூர். அங்கே ஒரு புன்னை மரத்தடியில், கூரையின்றி, கிழக்கு நோக்கி வரிசையாக அமர்ந்த ஏழு கற்களே அவ்வூரைக் காக்கும் கன்னியர். காசிலிங்கம் அங்கே முதன்முதல் சென்றது இருபது நாள்களுக்கு முன்னர். ஆடவரெல்லாம் கடலுக்குச் சென்றிருந்த முற்பகல் வேளை. மரத்தடியில் ஆறு கற்களே இருந்தன. ஏழாவது இருக்கை வெறுமையாய்க் கிடக்கக் கண்டு திகைத்தவர், கரையோரம் தேடிச் சென்று, அலை வந்து தொடும் ஈரமணலில் தனியே நின்ற ஏழாம் கல்லைக் கண்டுபிடித்தார். கடல் இழுத்துச் சென்ற அன்னையைத் தாமே மீட்டதாக நினைத்து, கண்ணீர் மல்க அதனைத் தோளில் சுமந்துவந்து இருக்கையில் அமர்த்தினார். மீன் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தனர். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அதனை அவர் நன்றியென்று கொண்டார்.

மாலையில் கரை திரும்பிய ஊர்த்தலைவர் நாட்டார் கோவிந்தராசு, காசிலிங்கம் வாயிலாக இதைக் கேட்டுப் பதறிப்போனார். நாளும் கரையேறும்போது ஏழு கல்லையும் எண்ணி வணங்கும் தம் கண்ணுக்குத் தெரியாமல் கடல் ஒன்றைக் கொண்டுபோவதா என்று மறுநாளே சுண்ணச் சாந்து குழைத்து, ஏழாம் கல்லை அசையாதபடி பதிப்பித்துவிட்டார். காசிலிங்கம் பழைய நூல்களில் கண்ட பெயர்களைப் பிராமி முதலாகச் சாமுண்டி ஈறாக அந்தந்தக் கல்லின் கீழே ஈரச் சாந்தில் தம் கையாலேயே எழுதினார். எழுதும்போதுதான் இன்னொன்றைக் கண்டார். மற்ற ஆறும் கரடுமுரடாக இருக்க, ஏழாவது கல்லின் ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாய்ச் சற்றே குழிந்து வளைந்திருந்தது. அது பிறை நிலவின் குறியென்றும், ஆறு படி ஏறிவந்த உயிர் ஏழாம் படியில் கரடு நீங்கிக் குளிர்ந்து நிற்பதைக் காட்டுவதென்றும் அன்றே தெளிந்து, அதற்கென நான்கு பக்கம் எழுதினார். அந்த நான்கு பக்கத்தைத்தான் மிதிவண்டியில் வரும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

குப்பத்தில் அவர் எதிர்பார்த்த ஆரவாரம் இல்லை. பந்தல் பாதி கட்டியபடி நின்றது. கரையில் கட்டுமரம் ஒன்றுகூட இல்லை. புன்னை மரத்தடியில் பெண்கள் கூடியிருந்தனர். அவர்களுள் பலருக்கு விரல் நுனியில் புண். ஏழாம் கல்லைச் சுற்றியிருந்த சாந்தில் நகத்தால் பிறாண்டிய தடங்கள் இருந்தன. தனக்கொடி என்னும் இளம்பெண் எழுந்து அவர் முன் வந்து நின்றாள். குடமுழுக்குக்கு ஆழ்கடல் நீர் முகந்துவரச் சென்ற அம்மாவாசை என்பவனின் மனைவி அவள்.

"நேத்து விடியக்காலம் தண்ணி மொள்ளப் போனவருங்கய்யா. உச்சிக்குள்ள வந்துர்றன்னுதான் போனாரு. மேக்கேருந்து கச்சான் காத்து அடிச்சி வெளிய தள்ளிட்டுப் போயிடுச்சின்றாங்க. ஊரு ஆம்பளைங்க அத்தினி பேரும் தேடிக்கினு போயிருக்காங்க" என்றாள்.

"கவலை வேண்டாம், அம்மா. எழுவரும் தத்தம் இருக்கையில் முறைப்படி அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் காப்பார்கள்" என்றார் காசிலிங்கம்.

"அதாங்க வினையே. ஏழு பேரும் ஒக்காந்துட்டாங்க. கரையில யாரு நிக்கிறது?"

காசிலிங்கத்துக்கு விளங்கவில்லை. அவள் கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கட்டுமரம் கடலுக்குப் போச்சின்னா ஏழாவதுகாரி ஒக்கார மாட்டா. நாங்க தூக்கிக்கினு போயி தண்ணி ஓரமா நிறுத்துவோம். பாய் கண்ணுக்குத் தெரிஞ்சதும், ஆம்பளைங்க பாக்குறதுக்குள்ள கொண்டாந்து வச்சிருவோம். அவங்களுக்குத் தெரியாது. தெரியவுங்கூடாது. நமக்காவ கரையில பயந்துகினு நிக்கிறாங்கன்னு மனசுல விழுந்தா, கடலுக்குப் போறவனுக்குக் கை ஓடாதுங்க. அன்னைக்கி நீங்க தூக்கியாந்து வச்சீங்க. நீங்க அந்தாண்ட போனதும் நாங்க திரும்பக் கொண்டுபோயி நிறுத்திட்டோம். இப்ப சாந்து போட்டுட்டாங்க. அடியில சாமி பேரு வேற எழுதிக் கெடக்குது. கடப்பாரை வைக்க எங்களுக்குக் கை வரல. நீங்க வச்சது, நீங்கதான் எடுக்கணும்."

தாம் மீட்டதாக நினைத்த அன்னை தொலைந்துபோனவள் அல்லள், காவலுக்கு நின்றவள் என்பது காசிலிங்கத்துக்கு அப்போது விளங்கியது. அவருக்கு அச்சம் பாதி, வெட்கம் பாதி. ஆயினும் அவற்றுக்கு நடுவிலும் பழைய வேட்கை தலைதூக்காமல் இல்லை.

"அவளுக்கு நீங்கள் இட்ட பெயர் யாது?" என்று கேட்டார்.

"கரைக்காரிம்போம்."

பதினாறு ஆண்டுகளாக அவர் புரட்டிய ஏடுகள் எதிலும் இல்லாத பெயர். அதற்கு உரை எழுத ஒரு வரிகூட வேண்டியதில்லை. மகிழ்ச்சியில் மயிர்க்கூச்செறிந்து நின்றவர், எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்ததும் தம் மகிழ்ச்சிக்காகவே நாணினார். கல்லைப் பெயர்த்தால் நாளைய அவையில் ஏழு இருக்கையும் ஏழு படியும் இல்லை. நகரத்துப் புலவர் முன் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. நாட்டார் பதித்த கல்லை உடைத்தவன் என்ற பழியும் வரும். இவற்றையெல்லாம் அவர் எண்ணத்தான் செய்தார். ஆனால் நெடுநேரம் எண்ணவில்லை. வேற்றுமொழிச் சொல் ஒன்றும் வழக்குச் சொல் ஒன்றும் தம் வாயில் வரவொட்டாமல் இருபது ஆண்டு காத்த அந்தத் தமிழாசிரியர், "அந்தக் கடப்பாரைய இப்டி குடும்மா, சீக்கிரம்" என்றார்.

இரண்டாம் குத்தில் சாந்து வெடித்தது. நான்காம் குத்தில் அவர் எழுதிய பெயர் மூன்று துண்டாய்ச் சிதறியது. கல்லை வாரியெடுத்துத் தோளில் ஏற்றப் போனவரைத் தனக்கொடி தடுத்தாள். "தோள்ல வேணாங்கய்யா. இடுப்புல வைங்க" என்றாள். வைத்தார். அந்த வழுவழுத்த குழிவு அவருடைய இடுப்பின் வளைவில், தவழும் குழந்தையொன்று தானே வந்து ஒட்டிக்கொண்டதுபோல் பொருந்தியது. பிறையுமில்லை, படியுமில்லை. கணவனையும் மகனையும் உடன்பிறந்தானையும் கடலுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை இக்கல்லை இடுப்பில் ஏந்தி நடந்த பெண்கள், தலைமுறை தலைமுறையாகத் தேய்த்த தேய்வு அது. காசிலிங்கம் வாய்விட்டு அழுதுகொண்டே சுடுமணலில் ஓடினார். அழுகையினூடே சிரிக்கவும் செய்தார். பின்னால் ஓடிவந்த பெண்களுக்கு அது சற்று விந்தையாகவே பட்டிருக்கும்.

ஈரமணலில் கல்லை நிறுத்திவிட்டு எல்லோரும் அமர்ந்தனர். ஒருவரும் பாடவில்லை, வேண்டவில்லை. பெண்கள் கண்ணிமைக்காமல் கிழக்கே பார்த்திருக்க, அவரும் பார்த்திருந்தார். பேசாமல் இருப்பது எத்துணைக் கடினமென்று அன்றுதான் அறிந்தார். வெயில் தலைக்கு நேரே ஏறிற்று. நண்பகல் சாயும் வேளையில் மேல்காற்று தளர்ந்து, கடற்காற்று முகத்தில் வந்து அடித்தது. காற்று தன்போக்கில் திரும்பியதோ, கரையில் நின்றவளுக்காகத் திரும்பியதோ, அதை அளந்து சொல்ல என்னிடம் கோல் இல்லை.

முதலில் கண்டவள் தனக்கொடிதான். தொடுவானத்தில் கரும்புள்ளிபோல் ஒரு பாய். அதன் இருமருங்கும் இன்னும் பல. புள்ளி சற்றே பெரிதானதும், தான் ஒட்டுப்போட்ட அந்தப் பாயை அவள் அடையாளம் கண்டு எழுந்தாள். மகிழ்வதற்குக்கூட நேரமில்லாமல், "கல்லு, கல்லு" என்று பதறினாள். காசிலிங்கம் அதனை இடுப்பில் வாரிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை அவர் மாணவர் கண்டிருந்தால் ஆண்டு முழுதும் வகுப்பில் அடக்க முடிந்திராது. வேட்டி ஒரு முள்ளில் கிழிய, செருப்பொன்று மணலில் தங்க, மூச்சிரைத்து வந்து கல்லை அதன் இருக்கையில் அமர்த்திவிட்டு நிமிர்ந்தபோது, முதல் கட்டுமரம் மணலில் ஏறிற்று.

அம்மாவாசை உதடு வெடித்து, கண் சிவந்து இறங்கினான். ஆழ்கடல் நீர்க்குடம் மட்டும் வாய்க்கட்டு அவிழாமல் அவன் தோளில் இருந்தது. தனக்கொடி அவனைப் பார்த்து, "சோறு ஆறிப்போச்சி" என்று மட்டும் சொன்னாள். நாட்டாரோ நேரே புன்னை மரத்தடிக்கு வந்து, உடைந்த சாந்தைக் கண்டு முகம் கறுத்தார்.

"யாரு பண்ண வேலை இது?"

பெண்கள் தரையைப் பார்த்தனர்.

"நான் பெயர்த்தேன். ஏழாம் கல்லைக் கட்டிவைத்தது என் பிழை. இனி அதற்குச் சாந்து இடவேண்டாம்" என்றார் காசிலிங்கம்.

"ஏன்னு சொல்லுங்க வாத்தியாரே."

எதற்கும் காரணம் சொல்லியே பழகிய அந்த நாவு, சொல்லத்தக்க ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு துடித்தது. "சொல்வதற்கில்லை" என்றார். நாட்டார், "படிச்சவங்களுக்கு வெயில் ஆவறதில்ல" என்று முணுமுணுத்து அகன்றார். ஆயினும் ஆள் மீண்டு வந்த நாளென்பதால், சாந்து குழைக்கச் சொல்லவில்லை.

மறுநாள் குடமுழுக்கு இனிதே நிகழ்ந்தது. அவையில் காசிலிங்கம் ஆறு கன்னியரின் திருப்பெயர்களை மடைதிறந்தாற்போல் விரித்துரைத்தார், புலவர்கள் தலையசைத்தனர். ஏழாம் பெயருக்கு வந்ததும் சுவடியை மூடி, கைகூப்பி அமர்ந்துவிட்டார். மறந்துவிட்டார் என்று ஆடவர் வரிசையில் சிரிப்பு எழுந்தது. அம்மாவாசையும் உடன் சிரித்தான். பெண்கள் வரிசையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. தனக்கொடியின் இடக்கை, அவளறியாமலே, அவள் இடுப்பின்மேல் சென்று அமர்ந்திருந்தது. காசிலிங்கம் அதைக் கண்டார். தம் வாழ்நாளில் தாம் ஆற்றிய உரைகளுள் அதுவே சிறந்ததென்று அவர் இறுதிவரை நம்பினார்.

அவருடைய சுவடியில் அந்த நான்கு பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. அவ்விடத்தில் வேறெதுவும் எழுதப்படவில்லை. பொருள் கண்டவர் சொல்லாமல் காத்ததை நான் உம்மிடம் சொல்லிவிட்டேன், வாசகரே, அப்பழி என்னுடையது. நீர் கடலுக்குச் செல்பவராயின் இதை இங்கேயே மறந்துவிடும். கரையில் இருப்பவராயின், காத்திருக்கும் பெண்களிடம் காரணம் கேளாது, உம்மால் இயன்றதைத் தூக்கிக்கொண்டு உடன் நடப்பீராக.