டார்னெய்ட் நாடாளுமன்றத்தின் கதவு

"ஒரு தேசத்தின் பாதுகாப்பு அதன் தலைநகரில் தொடங்குவதில்லை. அதன் கடைசித் தீவின் கடைசி அலையில் தொடங்குகிறது."

இப்படிச் சொல்லிவிட்டு, சபாநாயகர் கிருஷ்ணசாமி அந்த அலை அடங்கக் காத்திருப்பவர்போல் ஒரு கணம் நின்றார். பிறகு மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "வெள்ளை கேம்ரி கார் யாருதுங்க? மட்டன் ரோல் வண்டிக்குக் குறுக்கால நிக்குது, கொஞ்சம் எடுத்துடுங்க" என்றார்.

டார்னெய்டில் வெள்ளை கேம்ரி என்பது ஓர் அடையாளமே அல்ல. அவையின் பாதிப் பேர் எழுந்தார்கள்.

மேற்கு மெல்பர்ன் தமிழ் மன்றத்தின் மாதிரி நாடாளுமன்றம் அது. வருடத்துக்கு ஒருமுறை கூடும். மேசைமேல் செங்கோல் இருந்தது; தங்கக் காகிதம் சுற்றிய கிரிக்கெட் ஸ்டம்ப். சபாநாயகர் கறுப்பு அங்கி அணிந்திருந்தார். மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு வாடகைக்கு எடுத்து, திருப்பிக் கொடுக்க மறந்தது. இந்த ஆண்டு விவாதம், கடல் கடந்த ஆட்சிப் பகுதிகள் மசோதா பற்றியது. தேசப் பாதுகாப்பை முன்னிட்டு, தூரத்துத் தீவுகள் எதையும் எக்காலத்திலும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்பது அதன் சாரம். அவற்றை யாரும் கேட்டிருக்கவில்லை.

முன்வரிசையில், தேசப் பாதுகாப்பு அமைச்சருக்கான கதிரையில், கொட்பிறி உட்கார்ந்திருந்தான். அவனிடம் சீருடை இருந்தது. அதனால் அந்தத் துறை. மல்கிரேவில் ஓர் அலுவலக வளாகத்தில் இரவுக் காவலாளி. விடியும்வரை ஒரு கதவு விடாமல் போய்த் தள்ளிப் பார்த்து, சரி என்று பதிவு செய்வதுதான் வேலை. அவனுக்கு இரண்டாவது தகுதியும் உண்டு. பேசாலையிலிருந்து அகதியாகப் படகில் வந்து, கிறிஸ்மஸ் தீவின் தடுப்பு முகாமில் கம்பி வேலிக்குள் மாதக்கணக்கில் இருந்தவன் அவன்.

"அமைச்சரவையிலயே சம்பந்தப்பட்ட துறையில அனுபவம் உள்ள ஒரே ஆளு நீங்கதான் தம்பி" என்று கிருஷ்ணசாமி சொல்லியிருந்தார். அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. கேலி செய்யத் தெரிந்தவராக இருந்திருந்தால் பொறுத்துக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று கொட்பிறி மறுத்துத்தான் பார்த்தான். அன்று மாலை ஐந்தரைக்கு சிங்கப்பூர் வழியாக அவனுடைய மனைவி அன்னமலரும் மகள் றம்யாவும் வந்து இறங்குகிறார்கள். பேசாலையில் அவன் படகேறியபோது றம்யா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவனைவிட உயரம் என்று சொல்லிக்கொள்கிறாள். வீடியோவில் உயரம் தெரியாது. "கதவு திறக்கேக்க முன்னுக்கு நிப்பீங்களா அப்பா? நிறைய ஆக்கள் நிப்பினம், எனக்கு உங்களை மட்டுக்கட்டத் தெரியாட்டி?" என்று கேட்டிருந்தாள். ஓம், முதல் ஆளாக நிற்பேன் என்று சொல்லியிருந்தான். இத்தனை வருடத்தில் அவள் அவனிடம் கேட்டவற்றில், அவனால் முடியும் என்று சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

"நாலு மணிக்கு சபை கலைஞ்சிடும் தம்பி. அஞ்சுக்கு நீங்க ஏர்போர்ட்ல" என்றார் கிருஷ்ணசாமி. அன்னமலரின் விசாவுக்குச் சாட்சி சொன்ன இரண்டு பேரில் அவர் ஒருவர். சாட்சி சொன்ன மனிதர் அமைச்சராக இரு என்றால், இருக்கத்தான் வேண்டும்.

நான்கு மணிக்குச் சபை தொடங்கியே இருக்கவில்லை. வரவேற்புரை நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு சிறப்பு விருந்தினரைப் பற்றிய அறிமுகம், அறிமுகம் செய்தவரைப் பற்றிய அறிமுகம். கொட்பிறிக்கு முதல்நாள் இரவு வேலை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையை அவன் தீவிலேயே கற்றிருந்தான்.

ஒருவழியாக அவன் பெயர் வந்தது. உரையை எழுதித் தந்தவன் பிரதமர் கௌரிசங்கர். வங்கியொன்றில் புராஜெக்ட் மேனேஜர். "எல்லை என்பது வரைபடத்தின் கோடல்ல, நம் நெஞ்சின் உறுதி" என்று கொட்பிறி வாசித்தான். "அத்துமீறி வருவோர் கிறிஸ்மஸ் தீவில் மரியாதையுடனும் சகல வசதிகளுடனும் வைக்கப்படுவர்" என்பதையும் ஒரு சொல் மாற்றாமல் வாசித்தான். கைதட்டினார்கள். இங்கிலீஷ் கலக்காமல் பேசினார் என்று பின்வரிசையில் யாரோ பாராட்டினார்கள்.

எதிர்க்கட்சித் தலைவர் ஹரிப்பிரியா எழுந்தாள். வெரிபீயில் வீடு விற்பவள்.

"அமைச்சர் அங்க இருந்திருக்கார்னு சொல்றாங்க. வியூ எப்படிங்க இருக்கும்?"

"நல்லா இருக்கும். வேலிக்குள்ளால தெரியும்."

"நண்டு நெறைய உண்டாமே?"

"ஓம், ரோட்டு நிறைய. அதுகள் கடலுக்குப் போற நாளையில ரோட்டை மூடி வழி விடுவினம்."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை. அதுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்குது."

அவை சிரித்தது. எதிர்க்கட்சி தன் நிலைப்பாட்டைத் தெளிவாக எடுத்து வைத்தது: இவ்வளவு நல்ல இடத்தை முகாமாக வைத்திருப்பது வேஸ்ட், ரிசார்ட் கட்டலாம். ஆளுங்கட்சி மேசையைத் தட்டிக் கண்டித்தது. அந்தத் தட்டலுக்கு நடுவில்தான் கொட்பிறியின் கைபேசி அதிர்ந்தது. றம்யா தரையிறங்கும் ஒரு விமானப் படம் மட்டும் அனுப்பியிருந்தாள்.

அவன் எழுந்து போய் சபாநாயகரின் காதருகே குனிந்தான். "சேர், மனிசியும் பிள்ளையும் இறங்கிட்டினம். நான் போட்டு வாறன்."

"ஒரே ஒரு ஓட்டெடுப்பு தம்பி. அமைச்சர் இல்லாம மசோதாவை எப்படி நிறைவேத்தறது? இமிக்ரேஷன், பேக்கேஜ்னு அவங்க வெளிய வரவே ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்குத் தெரியாததா?"

கொட்பிறிக்கு அது உண்மையில் தெரியாது. அவன் வந்த வழியில் பேக்கேஜ் எடுக்கும் இடம் இல்லை. திரும்பிப் போய் உட்கார்ந்தான்.

போன வருடம் ஓட்டெடுப்பின்போது அவையில் மிச்சம் இருந்தவர்களைவிட ரோல் வரிசையில் நின்றவர்கள் அதிகம். அந்த அவமானம் கிருஷ்ணசாமியை வருடம் முழுதும் வாட்டியது. கான்பெராவின் நிஜ நாடாளுமன்றத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தார். அங்கே மணி அடிக்கிறார்கள். மணி நின்றதும் அவையின் கதவுகளைப் பூட்டிவிடுகிறார்கள். இந்த வருடம் அவர் வீட்டுப் பூஜை மணியைக் கொண்டுவந்து, கை வலிக்குமட்டும் அடித்தார். மன்றத்துக்குக் கிடைத்திருந்தது சமூக மையத்தின் சின்ன அறை, ஒரே வாசல். கண்ணாடிக் கதவு, இடுப்பு உயரத்தில் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம். அதில் ஹரிப்பிரியா தன் சால்வையைத் தொங்கவிட்டிருந்தாள். கிருஷ்ணசாமி சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருப்பினார், எடுத்து எல்லாருக்கும் காட்டினார், அங்கிக்குள் போட்டுக்கொண்டார்.

"கதவு பூட்டப்பட்டது. ஓட்டெடுப்பு முடியும்வரை உறுப்பினர் யாரும் வெளியேற முடியாது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோல்கள் ஆறிக்கொண்டிருந்தன.

ஆதரவாளர்கள் வலப்பக்கம், எதிர்ப்பவர்கள் இடப்பக்கம் என்றார் சபாநாயகர். யாருடைய வலப்பக்கம் என்று ஒழுங்குப் பிரச்சினை எழுந்தது. எண்ணினார்கள், மறுபடி எண்ணியபோது வேறு கணக்கு வந்தது. சிறப்பு விருந்தினரையும் சேர்த்து எண்ணியது தெரிந்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மூன்றாம் முறை எண்ணினார்கள். மசோதா நிறைவேறியது. தீவுகள் பாதுகாக்கப்பட்டன. இதே சூட்டோடு பொன்னாடைகளையும் முடித்துவிடலாம், ஆட்கள் எங்கும் போக முடியாதே என்று கௌரிசங்கர் யோசனை சொன்னான். கொட்பிறிக்கும் ஒன்று போர்த்தினார்கள். படத்தில் அவன் வாசலைப் பார்த்தபடி நிற்கிறான்.

பிறகு கிருஷ்ணசாமி அங்கிக்குள் கையை விட்டார். கை மறுபக்கம் வெளியே வந்தது. அந்த அங்கிக்குச் சட்டைப்பை கிடையாது. அவர் பை என்று நினைத்தது கைக்கான வெட்டு.

"சாவி இங்கதான் எங்கயாவது இருக்கும். பதட்டப்படாதீங்க" என்று பதட்டமாகச் சொன்னார்.

தேசப் பாதுகாப்பு அமைச்சர் கதிரைகளுக்கு அடியில் தவழ்ந்து தேடினான். பிரதமர் சமூக மையத்தை நடத்தும் கவுன்சிலின் அவசர எண்ணை அழைத்து, காத்திருப்போருக்கான இசையை ஸ்பீக்கரில் போட்டான். எதிர்க்கட்சி செங்கோலை அவிழ்த்துப் பார்த்தது. தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கொட்பிறியின் கைபேசி அடித்தது.

"அப்பா, வி ஆர் அவுட். எங்க நிக்கிறீங்க? இங்க நிறையப் பேர் போர்ட் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். உங்களைக் காணேல்ல."

"பிள்ளை, நான் இன்னும் வெளிக்கிடேல்ல. கதவு பூட்டிக் கிடக்குது."

அந்தப் பக்கம் கைபேசி கை மாறியது. பிறகு அன்னமலரின் குரல்.

"என்னப்பா, திரும்பப் பிடிச்சிட்டாங்களே?"

"சீச்சீ. இது எங்கட ஆக்கள். கூட்டம்."

"அப்ப ஆர் பூட்டினது?"

"நாங்கள்தான். சாவியைக் காணேல்ல."

"எதுக்குப் பூட்டினனீங்கள்?"

அவன் தூக்கிப் பிடித்திருந்த விரிப்பின் ஓரத்தைக் கீழே விட்டான். "கதிரை இருந்தா இருங்கோ. வாறன்" என்றான்.

"பதின்மூண்டு வரியம் இருந்தனான்" என்றாள் அன்னமலர், கோபமில்லாமல். "இருக்கிறன்."

அவன் போய் வாசலருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கண்ணாடிக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பார்க்கிங்கில் அவனுடைய கார் தெரிந்தது; பின்சீட்டில் றம்யாவுக்கு வாங்கிய குளிர் ஜாக்கெட், விலைச்சீட்டோடு. கவுன்சிலின் இசை ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கியது. இனி வேறு யாராவது வந்துதான் திறக்க வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டு அவரவர் இடத்தில் அமர்ந்தார்கள். அன்றைய அவையில் முழு உடன்பாடு ஏற்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

நேரம் போயிற்று. ஹரிப்பிரியாவுக்குக் குளிர்ந்தது. எழுந்து வந்து, சட்டத்தில் சிக்கியிருந்த சால்வையின் நுனியை விடுவிக்க, சட்டத்தின்மேல் கையை ஊன்றினாள். டக் என்றது. கதவு திறந்தது. அவள் சால்வையோடு இரண்டடி வெளியே போய் நின்றாள்.

காற்று உள்ளே வந்து தங்கக் காகிதத்தைப் புரட்டியது.

"சரி, ரோல் ஆறிடும்" என்றார் சபாநாயகர் கடைசியில்.

கொட்பிறி பொன்னாடையைக் கழற்றவும் மறந்து காருக்கு ஓடினான். நெடுஞ்சாலையில் ஏறி, மூச்சு சமமான பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. அந்தச் சாவி வெளியே இருந்து வருபவர்களைத் தடுக்க மட்டும்தான். தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேறுவதற்கென்று, உள்ளிருந்து சட்டத்தைத் தள்ளினால் எப்போதும் திறக்கும்படி செய்த கதவு.

மல்கிரேவில் அவன் இரவெல்லாம் தள்ளிப் பார்ப்பது அந்த மாதிரிக் கதவுகளைத்தான்.