பிடரிக்குள் இருக்கும் வலை

...பேசு என்று என்னிடம் ஒரு ஆள் சொல்ல வேண்டுமா, பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்லியே வயிறு வளர்க்கிறவளிடம், ஆனாலும் நர்ஸ் சொன்னாள், "அக்கா, சும்மா உட்காராதீங்க, பேசிக்கிட்டே இருங்க, பழக்கமான குரல் காதுல விழணும்" என்று, அதனால் இந்த ஐ.சி.யு.வுக்குள் வந்ததிலிருந்து மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன், வாஷிங் மெஷின் மறுபடியும் குதிக்க ஆரம்பித்துவிட்டது, மேல் வீட்டுக்காரி நம் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள், உங்கள் தம்பி வாசலில் சவரம் செய்யாத மூஞ்சியோடு உட்கார்ந்து எனக்கே பயம் காட்டுகிறான், எல்லாம் சொல்லியாயிற்று, கட்டிலில் கிடக்கிற என் வீட்டுக்காரர் கேட்டால்தானே. வாயில் குழாய். நெஞ்சு அந்த மெஷின் சொல்கிறபடி ஏறி இறங்குகிறது. மயக்க மருந்தை நிறுத்தியும் கண் திறக்கவில்லை, இன்றைக்கும் திறக்காவிட்டால் நாளைக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பார்களாம், அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமாம், நானா, ஊசி குத்தினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற நானா...

டாக்டரம்மா சின்னப் பெண், என் தங்கை மகள் வயதுதான் இருக்கும், காலையில் தன் பிடரியிலேயே விரலை வைத்துக் காட்டினாள். "இங்க உள்ளாற, மூளை வந்து முதுகுத்தண்டோட சேர்ற இடத்துல, கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு தண்டு இருக்கும்மா. அதுக்குள்ள நரம்பெல்லாம் வலை மாதிரி பின்னிக் கிடக்கும். மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, தூக்கம், முழிப்பு எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு இருக்கு. வர்ற சத்தத்துல எதை மேல மூளைக்கு விடணும், எதைத் தடுக்கணும்னு அது சலிச்சுப் பாக்கும். பழகின சத்தம்னா மேல விடாது, தூங்க விட்டுடும். புதுசா ஏதாவது ஆச்சுன்னா எழுப்பி விட்டுடும். அது பக்கத்துலதான் இவருக்கு ரத்தம் கசிஞ்சிருக்கு." அட, இது என் பஸ் நிலையம் அல்லவா என்று அந்த நேரத்திலும் தோன்றியது பாருங்கள். பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குவார்கள், நான் தொண்டை கிழியக் கத்துவேன், ஒருத்தர் அசைய மாட்டார், அவரவர் பஸ்ஸைச் சொன்னால் மட்டும் கிள்ளிவிட்ட மாதிரி எழுந்து ஓடுவார்கள், அப்படியானால் இத்தனை காலமும் நான் வேலை செய்தது அந்தப் பிடரிகளுக்குத்தானா. சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. "கண்ணைத் திறந்தா என்னைத் தெரியுமாம்மா?" என்றேன். "திறக்கறது அந்தத் தண்டோட வேலை. உங்களைத் தெரிஞ்சுக்கறதுக்கு மேல இருக்கற மூளையும் வேணும். ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. முதல்ல திறக்கட்டும்." வேறு என்ன சொல்வாள் பாவம்.

இவர் எப்போதுதான் என் பேச்சுக்குக் கண் திறந்தார், சொல்லுங்கள். லிஃப்ட் ரிப்பேர் முடித்துக் கிரீஸ் கையோடு வருவார், கழுவிவிட்டு சோபாவில் சாய்வார், நான் சமையலறையிலிருந்து அன்றைய கதையை ஆரம்பிப்பேன், கண்டக்டர் சண்டை, காணாமல் போன குடை, மேனேஜரின் புது விக், பாதியிலேயே குறட்டை கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன மனுஷன் இவர், கட்டினவள் பேச்சு என்றால் அவ்வளவு இளக்காரமா? போதும் என்று வாயை மூடிக்கொள்வேன், அப்போது மட்டும் எப்படித்தான் தெரியுமோ, தூக்கிவாரிப் போட்ட மாதிரி எழுந்து உட்கார்வார். "என்னாச்சு?" என்பார். "ஒண்ணும் ஆகல, நீங்க தூங்குங்க" என்று திட்டிவிட்டு நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் மறுபடியும் சாய்ந்துவிடுவார். என் தங்கையிடம்கூடச் சொல்லி அழுதிருக்கிறேன், நான் இவருக்கு வெறும் மின்விசிறிச் சத்தம்டி என்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்...

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன், ஆமாம், வாஷிங் மெஷின், அதைச் சொல்லியாயிற்று, உங்கள் தம்பியையும் சொல்லியாயிற்று, இன்னும் என்ன இருக்கிறது, வீட்டில் உங்கள் செருப்பு போட்டது போட்டபடி கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அவ்வளவுதான், தொண்டை அடைத்துக்கொண்டது. மைக்கில் ஒரு நாளும் அடைக்காத தொண்டை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன், சத்தம் வரக் கூடாதே, பக்கத்துக் கட்டில்காரர்கள் என்ன நினைப்பார்கள். மெஷின் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. நான் பேசவில்லை. இன்னும் பேசவில்லை...

இமை அசைந்ததா? என் கண்ணில் தண்ணீர், அதனால் அப்படித் தெரிகிறதா? இல்லை, அசைகிறது, புருவம் சுருங்குகிறது, அந்த "என்னாச்சு"வுக்குச் சுருங்குகிற அதே புருவம், ஐயோ, கண் திறந்துவிட்டது, முழுசாகத் திறந்துவிட்டது. என்னைத்தான் பார்க்கிறாரா, என் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிறாரா, தெரியவில்லை, அந்தத் தண்டு மட்டும்தான் விழித்ததா, மேலேயும் போய்ச் சேர்ந்ததா. நர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அது என் குரல். என் குரல் கேட்கும்வரை ஒன்றும் ஆகவில்லை, நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதானே அந்தப் பிடரி இத்தனை வருஷமும் இவரைத் தூங்கவிட்டது, அதைப் போய் இளக்காரம் என்று நினைத்தேனே, இப்போதே இவரிடம் அதைச் சொல்ல வேண்டும் போல நெஞ்சு முட்டுகிறது, சொன்னால் தூங்கிவிடுவார்.