உதவி போகாத தெரு

1.
பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாள் தன் தங்கையைப் பற்றிப் புலம்பினாள். கதைக்கு விதை அவ்வளவுதான். மீதி நான் கட்டியது. எது மீதி என்று கேட்காதீர்கள், கண்ணுகளா.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: "பொருளாதாரப் பேராசிரியை சன்னல் வழியே மழையைப் பார்த்தபடி..."

(அடித்துவிட்டேன். அவளுக்கு மழை பார்க்க நேரம் ஏது?)

மறுபடியும். தனியாக வாழும் முதியவர்கள் வீட்டுக்கு அரசே ஓர் உதவியாளரை அனுப்பினால், அவர்கள் விழுந்து மருத்துவமனைக்குப் போவது குறையுமா? இதை நிரூபிப்பதற்கே தங்கை தன் ஆயுளைக் கொடுத்திருந்தாள். சீட்டுக் குலுக்கி, சில தெருக்களுக்கு உதவி, சில தெருக்களுக்கு இல்லை என்று பிரித்தாள். ஒரு வருடம் கழித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் திட்டம் எல்லாத் தெருவுக்கும் போகும். தெரியாவிட்டால் மூடிவிடுவார்கள்.

அக்காவின் தெரு, உதவி போகாத பக்கம் விழுந்தது.

3.
"ஏன்டி, சீட்டு உன் கையிலதானே இருந்துச்சு? ஒன்னை மாத்திப் போட்டா குடி முழுகிடுமா?"

"முழுகிடும்க்கா. அப்புறம் ஒருத்தரும் இந்த ஆராய்ச்சியை நம்ப மாட்டாங்க."

"உன்னைப் படிக்க வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

(இங்கே தங்கையைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அடுத்த ஞாயிறே அவள் அக்கா வீட்டுக் குளியலறையில் குந்தி, பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாளே!)

4.
ஞாயிறுதோறும் வந்தாள். சுவரில் கைப்பிடி பொருத்தினாள். மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து வைத்தாள். எதிர்வீட்டம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுலயும் ஒரு பிடி மாட்டிக் குடேன் தாயி. உங்க அக்கா மட்டும்தான் வழுக்கி விழுவாளா?"

மாட்டிக் கொடுத்தாள். அப்புறம் மாடிவீட்டுத் தாத்தாவுக்கு. அப்புறம் தெருமுனை வரைக்கும்.*

* சீட்டைத் தொட மறுத்தவளுக்கு இது உறைக்கவில்லையா என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை மட்டும்தான். வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

5.
வருட முடிவில் கணக்குப் போட்டாள். உதவி போகாத தெருக்களில் ஒன்றில் மட்டும் ஒருவர்கூட விழவில்லை. ஆய்வில் இருந்த தெருக்களே கொஞ்சம்; அந்த ஒன்றால் வித்தியாசம் கரைந்துபோனது.

"அந்தத் தெருவைக் கழிச்சிடேன்டி."

"ஏன் கழிச்சேன்னு கேப்பாங்கக்கா."

"தங்கச்சி வந்து பாத்துக்கிட்டான்னு சொல்லு. இதுல என்ன கேவலம்?"

"என் ஆராய்ச்சியை நானே கெடுத்தேன்னு அர்த்தம்க்கா. இத்தனை வருஷம் எழுதின எதையும் அப்புறம் நம்ப மாட்டாங்க."

"அப்ப மறைச்சிடு."

"மறைச்சா, அது திருட்டு."



6.
ஒரு முடிவு: உண்மையைச் சொல்கிறாள், சபையே எழுந்து கைதட்டுகிறது. (எந்த ஊரில்?)

இன்னொன்று: அந்தத் தெருவையும் சேர்த்து அறிக்கையை அப்படியே கொடுத்துவிடுகிறாள். திட்டம் மூடப்படுகிறது, அவள் பெயர் மட்டும்... (வேண்டாம், கை வரவில்லை.)

இப்போது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவளை உட்கார வைத்திருக்கிறேன். அவளைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நீங்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவள் எழுதிய வரை இதோ:

"ஒரு தெருவை இந்த ஆய்விலிருந்து நீக்கியிருக்கிறேன். காரணம்