அக்கா கிடங்கில், தம்பி கல்லாவில்

குழாய், பெயின்ட், ஆணி, பூட்டு விற்கும் கடை அது. முன்பக்கக் கல்லா அக்காவின் ராஜ்ஜியம். பின்னால் இருந்த கிடங்கு தம்பியுடையது. நடுவில் இருந்த கதவு வழியாகச் சரக்கு போனதைவிடச் சண்டை போனதுதான் அதிகம்.

பார்கோடு ஸ்கேனர் வாங்கலாம் என்று முடிவானதும் புதிதாக ஒன்று கிளம்பியது. விற்பனைக்கு வந்த பெண் இரண்டு மாதிரிகளை மேஜையில் வைத்தாள். ஒன்று ஒயர் உள்ளது, பொருளுக்குக் கிட்டே பிடித்தால்தான் படிக்கும். இன்னொன்று ஒயர் இல்லாத துப்பாக்கி மாதிரி, மேல் தட்டுப் பெட்டியையும் தரையிலிருந்தே படித்துவிடும்.

"துப்பாக்கி எனக்கு. உனக்கு ஒயர் போதும்க்கா. உட்கார்ந்த இடத்துல அழுத்தற வேலைதானே?"

"பெட்டி எண்றதுக்கு உனக்குத் துப்பாக்கி கேட்குதா?"

"ஒரு வாரம் வச்சுப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப நாளைக்கு இவன் என் நாற்காலியில உட்காரட்டும். நான் உள்ளே போறேன்" என்றாள் அக்கா.

மறுநாள் தம்பி கல்லாவில் உட்கார்ந்தான். ஆணிப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறை சுருங்கிக் கிடந்ததால் கோடுகளை ஸ்கேனர் படிக்கவில்லை. ஒரு கையால் நீவிவிட்டு மறு கையால் அழுத்த வேண்டியிருந்தது. பெயின்ட் டப்பாவைத் தூக்கித் திருப்பும்போது ஒயர் மாட்டி, சாவிக்கொத்துகள் தொங்கிய ஸ்டாண்டு சரிந்தது. வந்தவர்கள் எல்லாம், "அக்கா எங்கே?" என்று வேறு கேட்டார்கள். மதியத்துக்குள் மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது. பேனா தேடி இழுப்பறையைத் திறந்தான். உள்ளே வலி மருந்தும், மணிக்கட்டில் மாட்டும் பட்டையும் இருந்தன. போன வாரம் அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டித் திறந்து தரச் சொன்னபோது, "சின்னப் பாப்பாவா நீ?" என்று தான் சிரித்தது நினைவுக்கு வந்தது.

கிடங்கில் துப்பாக்கி இரண்டு வரிசைகளைச் சமர்த்தாகப் படித்தது. மூன்றாவது வரிசையில் சிக்னல் எட்டாமல் விழித்தது. தூசி மூடிய லேபிளைத் துடைக்க அக்கா ஏணியில் ஏறினாள். மூன்றாவது படி ஆடியது. இதில்தான் அவன் தினமும் ஏறி இறங்குகிறானா? பெட்டிகளில் எல்லாம் சாக்பீஸால் கையளவு எண்கள் எழுதியிருந்தன. லேபிளிலேயே எண் அச்சாகி இருக்க, இது எதற்கு? லேபிளைக் கிட்டே போய்ப் பார்த்தாள்; எழுத்து கடுகளவுதான் இருந்தது.

வார இறுதியில் அந்தப் பெண் வந்தாள். தம்பி முந்திக்கொண்டான்.

"அக்காவுக்குக் கையில பிடிக்கிறது வேண்டாம். மேஜையில நிக்கணும், பொருளைக் காட்டினா தானா படிக்கணும். அப்படி இருக்கா?"

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருக்குங்க சார். கிடங்குக்கு?"

"தூரத்துல இருந்தே படிக்கணும். சிக்னல் இல்லேன்னாலும் சேர்த்து வச்சுக்கணும். திரையில எழுத்து நல்லா பெரிசா தெரியணும்" என்றாள் அக்கா.

"எழுத்து எதுக்குப் பெரிசா?" என்றான் தம்பி.

"கண் டாக்டர்கிட்ட வரமாட்டேங்கிறியே, அதுக்குத்தான். ஏணியும் புதுசு வாங்கறோம். எதிர்த்துப் பேசாதே."

அவன் காது சிவந்தது.

புது இயந்திரங்கள் வந்த அன்று, அக்காவின் நாற்காலி உயரம் பார்த்து அவனே கல்லா ஸ்கேனரை மேஜையில் நிறுத்தினான். அவள் ஒரு பூட்டைக் காட்டினாள். பீப். குழாயைக் காட்டினாள். பீப். வலது கை மடியில் ஓய்வாகக் கிடந்தது. அவன் நகராமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

"லாரி வந்து நிக்குது. போடா உள்ளே" என்றாள் அக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.