மேகலா படிக்காமல் விட்ட வரி

1
தோல் வணிகர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வாணியம்பாடியில் அவர்கள் நடத்தும் பெண்கள் பள்ளியைப் பற்றி, இரண்டு பக்கம், கொஞ்சம் புகழ்ந்து. எழுத உட்கார்ந்தேன். பழைய மாணவி மேகலா வந்து நின்றுகொண்டாள். கட்டுரை போய்க் கதையாயிற்று.

முதல் வரி: 'கல்வி எனும் ஒளியை ஏற்றிய கொடை வள்ளல்கள்...' (அடித்துவிட்டேன். யாரும் வீட்டில் இப்படிப் பேசுவதில்லை.)

2
மேகலா இப்போது வேலூரில் குழந்தை மருத்துவர். அவள் படித்த நாட்களில் காற்று திரும்பினால் தோல் பதனிடும் டேனரிகளின் வாசம் வகுப்புக்குள் வந்துவிடும். பெண்கள் ஜன்னலைச் சாத்த ஓடுவார்கள். "இருக்கட்டும். நீங்க உக்காந்திருக்கிற பெஞ்சே அந்த வாசத்துல வந்ததுதான்," என்பார் உருது டீச்சர் சைரா.

உண்மைதான். விற்கிற ஒவ்வொரு தோல் கட்டுக்கும் வணிகர்கள் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கினார்கள். பெஞ்சும், குடிநீர்க் கிணறும், மேகலாவின் கல்லூரிப் படிப்பும் அந்த மகமைதான். இன்று கட்டுக்குப் பதில் ஷூ பெட்டிகள் கப்பலேறுகின்றன. ஒதுக்குவது மட்டும் நிற்கவில்லை.

(அந்த வாசத்தை எழுத முயன்றேன்: 'ஈரச் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த...' இந்த ஊர்க்காரர்களுக்குத் தேவையில்லை. மற்றவர்களுக்கு எழுதினாலும் வராது.)

3
உதவித்தொகை விழாவில் மாணவியின் பெயரோடு பெற்றோரின் வேலையையும் மைக்கில் படிப்பார்கள். 'சுப்பராயன், டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை' என்று படித்தபோது, பதினேழு வயது மேகலா தரையைப் பார்த்தாள். அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று திரும்பவே இல்லை.

இந்த ஆண்டு பட்டியலைப் படிக்க அவளையே அழைத்தார்கள். சங்கச் செயலாளர் ஷபீ அஹமது தாளை நீட்டினார். அவள் பெயர்களை மட்டும் படித்தாள். இருபத்துமூன்று பெண்கள் மேடையேறினார்கள். ஒருத்தியும் தலை குனியவில்லை.

இங்கேயே முடித்திருப்பேன். பிரிசில்லா விடவில்லை.

4
பிரிசில்லாவின் மகள் தமிழினிக்கு அன்று உதவித்தொகை. விழா முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பிரிசில்லா மேகலாவை மறித்தாள்.

"இன்னா மேடம், எங்க வேலைய மட்டும் படிக்காம விட்டுட்டீங்க?"

"பசங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு..."

"அவளுக்கு இருக்கும். எனக்கு இன்னா கூச்சம்? பத்தொம்போது வருஷமா ஷூ கம்பெனில தைக்கிறேன். ஒருத்தரும் அத மைக்ல சொன்னதில்ல. கேக்கலாம்னுதான் லீவு போட்டுட்டு வந்தேன்."

மேகலா கையிலிருந்த பட்டியலைப் பிரித்தாள். (அவளுக்கு நான் மூன்று பதில்கள் எழுதிக் கொடுத்தேன். மூன்றும் என் குரலாகவே இருந்தன.) தன் வேலையை மைக்கில் படித்த அன்று அப்பா குறுகிப்போனாரா, நிமிர்ந்து உட்கார்ந்தாரா? கேட்க அவர் இல்லை. ஒருமுறை திரும்பியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதற்குள் மைக்கைக் கழற்றிவிட்டார்கள். "சும்மாவே படிங்க டாக்டர். பிரியாணி ஆறினா ஆறிட்டுப் போவட்டும்," என்றார் கேட்டுக்கொண்டிருந்த ஷபீ அஹமது.

மேகலா ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குரலை உயர்த்தினாள். "தமிழினி. அம்மா பிரிசில்லா. பத்தொன்பது வருஷமா ஷூ தைக்கிறாங்க."

பிரிசில்லா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராக நின்றாள். சாப்பாட்டு வரிசையிலிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். "எங்களுதும் படிங்கம்மா."

5
இன்னும் இருபத்திரண்டு பேர். அவள் எதுவரை படித்தாள், கடைசியில் பட்டியலில் இல்லாத ஒரு பெயரையும் சேர்த்துக்கொண்டாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. மீதியை நீங்கள் படியுங்கள், வாய்விட்டு: முதலில் பெயர், பிறகு வேலை.

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.